பலாலியும் திருச்சிராப்பள்ளியும்: தூரமும் காலமும்

தூரத்தைக் காலத்தால் அளக்கும் வழக்கம் தமிழரிடையே மிகப் பழையது. காதம் என்றும் கூப்பிடு தூரம் என்றும் நிலத்தை அளந்தவர்களே, இரண்டு நாழிகை வழி என்றும் ஒரு பகல் நடை என்றும் கூறினர். முன்னையது நிலத்தின் இயல்பைக் குறிப்பது. பின்னையது நடப்பவனின் இயல்பைக் குறிப்பது. நிலம் மாறாதது. நடப்பவனோ வண்டி ஏறலாம், ஓடம் ஏறலாம், விமானம் ஏறலாம்; வழி மறிக்கப்பட்டு நின்றும் விடலாம். ஆதலின் ஒரு வழியின் வரலாறென்பது அதன் தூரத்தின் வரலாறன்று; அதனைக் கடக்கச் சென்ற காலத்தின் வரலாறேயாம். இதற்கு யாழ்ப்பாணத்தார்க்கு மிக அண்மையிலுள்ள சான்று பலாலி விமானத்தளத்துக்கும் திருச்சிராப்பள்ளி விமானத்தளத்துக்கும் இடையேயுள்ள ஆகாயவழி.

பலாலித் தளம் வட அகலக்கோடு 9 பாகை 47 கலையை ஒட்டியும், கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 4 கலையிலும் அமைந்தது. திருச்சிராப்பள்ளித் தளம் வடக்கே 10 பாகை 46 கலையிலும், கிழக்கே 78 பாகை 43 கலையிலும் உளது. இவ்விரண்டையும் நேர்கோட்டால் இணைத்துக் கணிப்பின் ஏறத்தாழ 184 கிலோமீற்றர், அதாவது 114 மைல், பெறப்படும். மாலுமிகளும் விமானிகளும் வழங்கும் கடல்மைற் கணக்கில் 99. அக்கோடு பலாலியிலிருந்து வடமேற்காகச் சென்று, காங்கேசன்துறைக் கரையை உடனே கடந்து, பாக்குநீரிணையின் மேலாக 95 கிலோமீற்றர் அளவு ஓடி, தஞ்சைக் கடற்கரையில் அதிராம்பட்டினத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் இடையே நிலத்தை அடைகின்றது. சரபோசி மன்னர் கடலோரத்தில் எழுப்பிய மனோராக் கோபுரம் அவ்விடத்துக்கு அண்மையிலேயே நிற்கின்றது. அதன்பின் பட்டுக்கோட்டையை வலப்புறத்தே விட்டு, கந்தர்வகோட்டைப் பக்கமாகத் திருச்சிராப்பள்ளியைச் சேர்கின்றது. வழியிற் பாதிக்குச் சற்று மேல் கடல், எஞ்சியது நிலம்.

இதனோடு வேறு இரு தூரங்களையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். பலாலியிலிருந்து கொழும்பையடுத்த இரத்மலானை விமானத்தளம் 329 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கம் 354 கிலோமீற்றர். எனவே யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து பறப்பவனுக்குத் தன் நாட்டுத் தலைநகரினும் தமிழ்நாட்டுத் தலைநகரினும் மிகக் கிட்டிய பெருநகர் காவிரிக் கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியே. வரைபடத்தை விரித்து வைத்துப் பாராதவர்க்கு இது வியப்பாகத் தோன்றும்.

விமானம் தோன்றுதற்கு முன் இவ்வழியைக் கடந்தோர் பலர். 1849 இல் அச்சியந்திரம் வாங்குவதற்காகச் சென்னை சென்ற ஆறுமுக நாவலர் கடலைக் கடந்தே சென்றார். பின்னர்ச் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவுதற்கும் அவ்வாறே சென்றார். சி. வை. தாமோதரம்பிள்ளை கும்பகோணத்தில் வழக்கறிஞராயிருந்து, பின் புதுக்கோட்டையில் நீதிபதியாய் அமர்ந்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி அச்சேற்றிய அப்பெரியாரின் வாழ்வில் ஒரு பகுதி இவ்வாகாயவழியின் மேற்கு முனையைச் சூழ்ந்த நிலத்திலே கழிந்தது. அக்காலத்துப் பாய்க்கப்பலுக்கு அட்டவணை இலது. சோளகம் வீசும் மாதங்களும் வாடை வீசும் மாதங்களுமே அதன் அட்டவணை. காற்று வாய்ப்பின் விரைந்து சேரலாம். வாய்க்காவிடின் துறைமுகத்தில் காத்துக் கிடக்க வேண்டியதே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை மாறிற்று. 1905 இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை வந்தது. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. போட் மெயில் எனப் பெயர் பெற்ற அச்சேவை கொழும்பையும் சென்னையையும் ஒரே பயணச் சீட்டால் இணைத்தது. ஆயின் யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு அஃது அளித்த வசதியில் ஒரு விசித்திரம் இருந்தது. அவன் செல்ல வேண்டிய திசை வடமேற்கு. அவன் ஏறிய புகைவண்டியோ தெற்கே சென்றது. வன்னிக் காட்டைக் கடந்து மதவாச்சிச் சந்தியில் இறங்கி, வண்டி மாறி, மீண்டும் வடமேற்காகத் தலைமன்னார் சேர்ந்து, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து மானாமதுரை வழியாகத் திருச்சிராப்பள்ளியை அடைய வேண்டும். நேர்கோட்டில் 184 கிலோமீற்றரிலுள்ள ஊருக்கு இவ்வாறு ஓர் இரவும் ஒரு பகலும் செலவாயின. தெற்கே சென்றாலன்றி வடக்கே செல்லவியலாத இவ்விதி யாழ்ப்பாணத்தாரை எளிதில் விட்டதன்று. பிற்காலத்தில் அது வேறோர் உருவில் திரும்பி வந்தமை பின்னர்க் காணப்படும்.

இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே ஆகாயத் தபால் தொடங்கிய வரலாற்றில் திருச்சிராப்பள்ளிக்கே முதலிடம் உரியது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபால் விமானம் நடத்தத் தொடங்கிய தாத்தா நிறுவனம், 1938 பெப்ருவரி 28 இல் அச்சேவையைத் திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்புக்கு நீட்டிற்று. நெவில் வின்சன்ற் என்னும் விமானி அதனைச் செலுத்தி இரத்மலானையில் இறக்கினார். இரத்மலானைத் தளத்தில் முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பரில்; அதற்கு இரண்டேகால் ஆண்டுகளின் பின் இத்தபால் வந்தது. அந்நாளில் பலாலியில் விமானத்தளம் இல்லை. அங்கே இருந்தவை செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் பனைகளுமே. தபால் விமானம் குடாநாட்டில் இறங்குதற்கு ஓரிடமும் இல்லாமற் கொழும்பை நோக்கிச் சென்றது. யாழ்ப்பாணத்துக்குரிய கடிதம் கொழும்பில் இறங்கிப் புகைவண்டியேறி வடக்கே மீண்டது.

பலாலிக்கு விமானத்தளத்தைத் தந்தது வணிகமன்று, போர். இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் 1942 ஏப்பிரில் 5 இல் கொழும்பையும், 9 இல் திருகோணமலையையும் வானிலிருந்து தாக்கினர். சிங்கப்பூர் வீழ்ந்தபின் வங்காள விரிகுடாவைக் காவல் செய்தற்கு இலங்கையே பிரித்தானியர்க்கு எஞ்சிய பெருந்தளம் ஆயிற்று. தீவின் பல பாகங்களில் ஓடுபாதைகள் விரைந்து அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பலாலி. அரச விமானப்படையினர் அதனைக் காங்கேசன்துறை என்ற பெயரால் வழங்கினர். போரின் பிற்பகுதியில் நான்கு இயந்திரங்கள் பூட்டிய லிபரேற்றர் விமானங்கள் அங்கிருந்து நெடுந்தூரக் கடற்காவலுக்குப் பறந்தன. வங்காள விரிகுடாவை அளந்து வந்த அவ்விமானங்களுக்கு 99 கடல்மைல் ஒரு பொருட்டன்று.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஓடுபாதையை எத்திசையில் அமைப்பது என்பதைத் தீர்மானிப்பது அது சேரவேண்டிய ஊரன்று, காற்று. விமானம் காற்றை எதிர்த்தே எழவும் இறங்கவும் வேண்டும். பலாலியின் ஓடுபாதை வடகிழக்குத் தென்மேற்காகக் கிடப்பது. ஒரு முனை வாடைக்கும் மறுமுனை சோளகத்துக்கும் முகங்கொடுத்து நிற்கும். முற்காலத்துப் பாய்க்கப்பலோட்டிகள் நம்பியிருந்த அதே இரு காற்றுகளுக்காகவே போர்க்கால எந்திரவியலாரும் நிலத்தைச் செதுக்கினர். திருச்சிராப்பள்ளி ஓடுபாதையோ கிழக்கு மேற்காகக் கிடப்பது. ஆகவே பலாலியிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் விமானம், எத்திசையில் எழுந்தாலும், எழுந்தவுடன் பெருந்திருப்பம் ஒன்றைச் செய்தே தன் வழிக்கு வரவேண்டும். வாடைக் காலத்தில் வடகிழக்காகக் கடல்மேல் எழுந்து, 100 பாகைக்கு மேல் இடப்புறம் திரும்பும். சோளகக் காலத்தில் தென்மேற்காகக் குடாநாட்டின் மேல் எழுந்து, 80 பாகையளவு வலப்புறம் திரும்பும்.

போர் முடிந்தபின் இராணுவ விமானங்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. அவ்வாறு வந்த டக்கோட்டா விமானங்களைக் கொண்டே ஏயர் சிலோன் தொடங்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 இல் அதன் முதற்பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நிகழ்ந்தது. இலங்கை சுதந்திரம் பெறுதற்கு இரண்டு மாதம் இருக்கையிலேயே யாழ்ப்பாணம் பன்னாட்டு விமானப் பாதையில் இடம் பெற்றுவிட்டது. முதல் விமானத்துக்குச் சூட்டப்பட்ட பெயர் சீதாதேவி. புட்பக விமானத்தில் இலங்கையிலிருந்து கடல் கடந்து மீண்ட பிராட்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் எவராயினும் இராமகாதையை அறிந்தவரே. மற்றைய டக்கோட்டாக்களுக்கு விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்னும் சிங்கள வரலாற்று அரசியரின் பெயர்கள் வாய்த்தன. சீதாதேவியின் ஆயுள் குறுகியது. 1949 டிசம்பரில் திருச்சிராப்பள்ளியில் இறங்குகையில் விபத்துக்குட்பட்டு, மீளவும் பறக்கவியலாதவாறு அது பழுதுற்றது. உயிர்ச்சேதம் நேரவில்லை.

அவ்விபத்துக்குரிய பயணமே, ஏயர் சிலோன் தொடங்கி ஏறத்தாழ இரண்டாண்டில் இரத்மலானை, யாழ்ப்பாணம், திருச்சிராப்பள்ளி என்னும் மூன்று தளங்களும் ஒரே வழியாக இணைக்கப்பட்டிருந்தமைக்குச் சான்று. டக்கோட்டா மணிக்கு ஏறத்தாழ 160 மைல் வேகத்திற் செல்வது. அவ்வேகத்தில் 114 மைலைக் கடக்க 42 அல்லது 43 நிமிடங்கள் போதும். ஆயின் இவ்வழியிற் பறப்பது கணக்குப் போடுவது போல் எளிதன்று. வழி வடமேற்காகச் செல்வது. பருவக்காற்றுகள் இரண்டும் அதனைக் குறுக்கே வெட்டுவன. வாடை வலப்புறத்திலிருந்து தள்ளும். சோளகம் இடப்புறத்திலிருந்து தள்ளும். எதுவும் பின்னின்று உதவுவதில்லை. மணிக்கு 25 கடல்மைல் வேகமுள்ள காற்று பக்கத்திலிருந்து வீசினால், அதனைக் கருதாமல் மூக்கை நேரே வைத்துச் செல்லும் டக்கோட்டா பயண முடிவில் 33 கிலோமீற்றர் அளவு விலகி நிற்கும். வாடையாயின் விராலிமலைக்கு அண்மையிலும், சோளகமாயின் இலால்குடிக்கு அப்பாலும் அது சென்று சேரும். முருகன் அடியாருக்கு முன்னையது உவப்பாகலாம். திருச்சிராப்பள்ளிக்குச் சீட்டுப் பெற்றவர்க்கு அன்று. இதனைத் தவிர்க்க விமானி தன் விமானத்தின் மூக்கைக் காற்றின் பக்கம் 10 பாகை சாய்த்து, நண்டுபோற் பக்கவாட்டிற் செல்ல வேண்டும். கடலைக் கடந்து தஞ்சை வயல்களின் மேல் வந்தபின், காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத் தீவும், சமவெளியில் தனித்தெழுந்த மலைக்கோட்டையும் தொலைவிலேயே தோன்றி இடத்தைக் காட்டும். வானொலிக் கருவிகள் வந்த பின்னரும் கண்ணாற் கண்டறியத்தக்க இத்தகைய குறிகள் விமானிக்கு வாய்த்த வழிகள் சிலவே.

பயணிக்கு இவை ஒன்றும் தெரியா. அவனுக்குத் தெரிந்த மாற்றம் வேறு. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே முற்காலத்தில் கடவுச்சீட்டின்றிச் சென்று வந்தனர். 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்தது. அன்றுதொட்டுக் கடவுச்சீட்டும் விசாவும் தேவையாயின. விமானம் வழியைச் சுருக்கிய அதே ஆண்டுகளில், சட்டம் அதனை நீட்டத் தொடங்கிற்று. ஒரு நாட் பயணத்தை 43 நிமிடமாக்கியது எந்திரம். அந்த 43 நிமிடத்துக்கு முன் பல வாரங்கள் பத்திரங்களுக்காகக் காத்திருக்கச் செய்தது அரசு. ஆகாயப் பயணத்தின் வரலாற்றை எழுதுவோர் முன்னையதையே விரித்துக் கூறுவர். பயணியின் நாட்குறிப்பில் பின்னையதே மிகுதியான பக்கங்களைக் கொள்ளும்.

1964 இல் ஏயர் சிலோன் அவ்ரோ 748 என்னும் விமானத்தைப் பெற்றது. சுழலியால் இயங்கும் அதன் வேகம் மணிக்கு 430 கிலோமீற்றரை எட்டுவது. கணக்குப்படி பலாலியிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 26 நிமிடம். அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த புகைவண்டியொன்றும் கடலுக்கு இரையாயிற்று. கப்பற் சேவை பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்றதாயினும், போட் மெயிலின் பழஞ்சிறப்பு மீளவில்லை. ஆகவே 1960 களின் பிற்பகுதியில் விரைந்து செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தார்க்கு ஆகாயவழியே சிறந்த வழியாய் எஞ்சிற்று. கோயிற் கொடியேற்றங்களுக்குச் சோழநாட்டு நாதசுர வித்துவான்களை வருவித்தலும், கலியாணத்துக்குக் கூறை எடுத்தலும், பிள்ளைகளைத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிற் சேர்த்தலும், சீரங்கமும் சிதம்பரமும் தரிசித்தலும் யாழ்ப்பாண வாழ்வின் பகுதிகளாயிருந்த காலம் அது. இவற்றுள் எதற்கும் கொழும்பு வேண்டப்படவில்லை.

1978 செப்டெம்பர் 7 இல் இலங்கையின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அன்றைய தினமே, பலாலியிலிருந்து வந்து இரத்மலானையில் நின்ற ஏயர் சிலோனின் அவ்ரோ விமானம் வெடிகுண்டால் அழிந்தது. பயணிகள் அதற்கு முன்பே இறங்கிவிட்டமையின் உயிரிழப்பு நேரவில்லை. நட்டத்தில் தத்தளித்த அந்நிறுவனம் மறு ஆண்டில் மூடப்பட்டது. 1979 செப்டெம்பர் 1 இல் ஏயர் லங்கா பறக்கத் தொடங்கிற்று. புதிய நிறுவனம் நெடுந்தூர நாடுகளை நோக்கி விரிந்தது. கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் விமானங்கள் சென்றன. பலாலியிலிருந்தோ ஒன்றுமில்லை. 1983 க்குப் பின் போர் மூண்டது, பலாலி படைத்தளமாயிற்று.

இதனால் பாக்குநீரிணையின் மேலுள்ள வானம் வெறுமையாயிற்று என்று எண்ணுதல் பிழையாம். 1987 ஜூன் 4 இல் இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ் விமானங்கள் போர் விமானங்களின் காவலுடன் பெங்களூரிலிருந்து வந்து, குடாநாட்டின் மேல் உணவுப் பொருள்களை இட்டுச் சென்றன. அடுத்த மாதம் 29 இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மறுநாளே இந்தியப் படையினர் பலாலியில் வந்திறங்கினர். அக்டோபரில் சண்டை தொடங்கியபோது துருப்புகளும் தளவாடங்களும் இந்தியாவிலிருந்து விமானங்களில் இடையறாது வந்தன. காயமுற்றோர் அவ்வழியே மீண்டனர். பாதை இருந்தது, ஓடுபாதை இருந்தது, விமானங்களும் இருந்தன. குடிமகனுக்குரிய இருக்கை மட்டுமே இல்லை.

தளத்தைச் சூழ்ந்த மண்ணும் குடிமகனுக்கு இல்லாதொழிந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலாலி, மயிலிட்டி, வசாவிளான், காங்கேசன்துறை முதலிய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. ஊரின் பெயர் விமானத்தளத்துக்கு எஞ்சிற்று. ஊரார் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்தனர். அந்நிலங்கள் 2009 க்குப் பின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன.

யாழ்ப்பாணம் செல்லும் புகைவண்டி 1990 இல் நின்றது. கண்டி வீதி நெடுங்காலம் அடைபட்டு, 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. அக்காலங்களில் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்த சிறு விமானங்கள் பயணிகளை ஏற்றின. 1998 செப்டெம்பர் 29 இல் அவ்வாறு புறப்பட்ட அன்ரனோவ்-24 விமானம் ஒன்று மன்னார்க் கடற்பரப்பின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 329 கிலோமீற்றர் வழியை அவர்கள் முடிக்கவில்லை.

போர்க்காலத்திலும் அதன்பின் ஒரு பத்தாண்டுக்காலமும் யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் சட்டப்படி செல்ல விரும்பியவன் முதலிற் கட்டுநாயக்கா செல்ல வேண்டியவனானான். தரை வழியே அது 350 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து திருச்சிராப்பள்ளி வானில் 417 கிலோமீற்றர். 184 கிலோமீற்றரைக் கடப்பதற்கு அதன் நான்கு மடங்குக்கு மேற்பட்ட வழி. போட் மெயிற் காலத்தில் மதவாச்சி வரை தெற்கே சென்று வடக்கே திரும்பிய பாட்டனின் பயணத்தைப் பேரன் கட்டுநாயக்கா வரை நீட்டிச் செய்தான். பாட்டனுக்கு வேறு வழி அமைக்கப்பட்டிருக்கவில்லை. பேரனுக்கு அமைக்கப்பட்ட வழி அடைக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

சட்டப்படி செல்ல இயலாதோர் இரவில் மீன்பிடிப் படகேறினர். மன்னார்க் கரையிலிருந்து இராமேசுவரம் பக்கம் இறங்கி, மண்டபம் முகாமில் பதியப்பட்டு, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலுள்ள முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அம்முகாம்களுள் ஒன்று திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தை அடுத்த கொட்டப்பட்டில் உளது. ஆகாயவழியின் ஒரு முனையில், ஓடுபாதைக்கு அயலில், ஊரை இழந்தோரின் வெற்று நிலம்; மறுமுனையில், ஓடுபாதைக்கு அயலில், ஈழத்து ஏதிலியரின் குடியிருப்பு. பிறந்த குழந்தைகள் அங்கே வளர்ந்து தாமும் பெற்றோராயினர். அவர்கள் தலைக்கு மேல் நாடோறும் விமானங்கள் எழுந்தன. எதுவும் பலாலிக்குச் செல்லவில்லை. விரும்பித் தாயகம் மீண்டோரும், ஐக்கிய நாடுகள் அகதிகள் அமைப்பின் உதவியோடு கொழும்புக்கே பறந்து, பின் வடக்கே தரை வழியாக வந்தனர்.

இடையே கடிகாரமும் இவ்வழியோடு விளையாடிற்று. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நெடுங்காலம் ஒரே நேரம் வழங்கிற்று. 1996 மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி பின்னிழுத்தது. 2006 ஏப்பிரிலிற் பழைய நேரத்துக்கே மீண்டது. அந்தப் பத்தாண்டில் பலாலியிலிருந்து விமானம் சென்றிருப்பின், பத்து மணிக்குப் புறப்பட்டவர் திருச்சிராப்பள்ளியில் ஏறத்தாழப் பத்து மணிக்கே இறங்கியிருப்பர். இவ்வற்புதத்தைக் காண ஒரு பயணியும் இருந்திலன்.

2019 அக்டோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் திறக்கப்பட்டது. அலையன்ஸ் ஏயர் நிறுவனத்தின் விமானம் சென்னையிலிருந்து வந்திறங்கிற்று. நவம்பர் 11 இல் பயணிகள் சேவை தொடங்கிற்று. நான்கு மாதம் சென்றதும் 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் அது நின்றது. 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறந்தது. குறுகிய வழி இருக்க நெடிய வழியே முதலில் திறக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. விமான நிறுவனங்கள் தூரத்தை நோக்குவதில்லை. இருக்கைகளை நிரப்பும் நகரை நோக்குகின்றன. அதனால் திருச்சிராப்பள்ளி மேலும் ஐந்தாண்டு காத்திருந்தது. 2025 மார்ச்சு 30 இல் இண்டிகோ திருச்சிராப்பள்ளிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நாளாந்தச் சேவையைத் தொடங்கிற்று.

அச்சேவைக்கு அமர்த்தப்பட்ட ஏ.ரி.ஆர். 72 என்னும் விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு வேகமுடையது. 184 கிலோமீற்றருக்கு 22 நிமிடம் என்பது கணக்கு. ஆயின் அட்டவணை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தை ஒதுக்கிற்று. எஞ்சிய நிமிடங்கள் எங்கே சென்றன? விமான அட்டவணை, விமானம் நின்ற இடத்தை விட்டு அசையும் கணம் முதல் சேரும் இடத்தில் நிற்கும் கணம் வரை எண்ணுவது. ஓடுபாதையின் முனைவரை உருளவும், குறைந்த வேகத்தில் மேலெழவும், காற்றுக்கேற்ப எழுந்த திசையிலிருந்து வழிக்குத் திரும்பவும், இறங்குமுன் வேகத்தைக் கைவிட்டு ஓடுபாதைக்கு நேரே வரவும் நேரம் வேண்டும். நெடும்பயணத்தில் இவை அற்பமாய் மறையும். குறும்பயணத்தில் இவையே பயணம். டக்கோட்டாவினும் இரு மடங்கு விரைந்து செல்லும் விமானம் வந்தும், சேரும் நேரம் அந்த அளவிற் குறையாமைக்குக் காரணம் இதுவே. நடுவழியைச் சுருக்கலாம், முனைகளைச் சுருக்குதல் அரிது.

கடல்வழியும் இதற்குள் திறந்தது. 2023 அக்டோபர் 14 இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. 60 கடல்மைலுக்கு நான்கு மணி நேரம். நாகபட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் தரைவழியையும் கூட்டினால் அரை நாளாகும். போட் மெயிலோடு ஒப்பிட அது விரைவு. விமானத்தோடு ஒப்பிட மலிவு. மூட்டை முடிச்சுடையார்க்குக் கப்பலே உவப்பானது.

ஒரு மணி நேர விமானத்துக்கு முன்னே இப்பொழுதும் கடவுச்சீட்டு நிற்கின்றது. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திற் பிறப்பைப் பதிந்து, குடியுரிமையை நிறுவி, பயணப் பத்திரம் பெற்றவரே அதில் ஏறலாம். கொட்டப்பட்டு முகாமில் பிறந்த ஒருவருக்கு விமான நிலையத்தின் வாயில் அயலிலேயே உளது. பத்திரம் கைக்கு வரச் செல்லும் காலத்தைக் கூறும் அட்டவணை எந்நிறுவனத்திடமும் இலது.